‘எங்களுக்குச் சரியாத்தானே தெரியுது!’

நாங்கள் ஆறு பேர். எல்லாரும் கலைப்பீடம். போன வருடம் வன்னியில் ஒரு குளத்தடிக் கிராமத்துக்குப் போய், அங்கே மீள்குடியேறிய வயதானவர்களோடு கதைத்து, ஒலிப்பதிவு செய்து, அவர்கள் கதைத்த மொழியிலேயே எழுத்தாக்கி ஒரு இணையக் கண்காட்சி வைத்தோம். பதினான்கு பேருடைய கதைகள். ஒவ்வொருவரின் படத்துக்கும் பக்கத்தில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் அவர் சொன்னது. வெளியிட்ட அன்று நல்ல பாராட்டு. நாங்களும் கொஞ்சம் தலைகால் புரியாமல்தான் திரிந்தோம்.

இரண்டு கிழமை கழித்து அந்தப் பதினான்கு பேரில் ஒரு அம்மம்மா போன் எடுத்தா. அவவின் பேத்தி பள்ளிக்கூடத்துக் கணினி அறையில் கண்காட்சியைத் திறந்து வாசித்திருக்கிறாள். வீட்டுக்குப் போய், “அம்மம்மா, நாங்கள் நிம்மதியா இருக்கிறம் எண்டு சொல்லியிருக்கிறியள், ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?” என்று கேட்டிருக்கிறாள். அம்மம்மா எங்களோடு கோபப்படவில்லை. “நான் அப்பிடிச் சொல்லேல்லையே பிள்ளையள்” என்று மட்டும்தான் சொன்னா.

ஆறு பேரும் உடனே மடிக்கணினியைத் திறந்தோம். எல்லாருடைய திரையிலும் அவ சொன்னது சொன்னபடியே இருந்தது: “வீடு தந்தவை. குளமும் திருத்தியாச்சு. இப்ப எல்லாம் திரும்பக் கிடைச்சிட்டுது, நாங்கள் நிம்மதியா இருக்கிறம் எண்டு நான் சொல்லமாட்டன்.”

அப்போது எங்கள் வாயில் முதலில் வந்த சொல் “மன்னியுங்கோ” இல்லை. “எங்களுக்குச் சரியாத்தானே தெரியுது” என்பதுதான். இந்தக் கட்டுரை அந்த ஒரு வசனத்துக்கு எதிரானது.

தமிழில் ‘இல்லை’ கடைசியில்தான் வரும்

பிறகு பள்ளிக்கூடத்து ரீச்சர் ஒருவர் அந்தத் திரையைப் போனில் படம் எடுத்து அனுப்பினா. பெட்டி “நாங்கள் நிம்மதியா இருக்கிறம்” என்ற இடத்தோடு முடிந்திருந்தது. அடுத்த வரி இல்லை. வெட்டின அடையாளமும் இல்லை. மூன்று புள்ளி இல்லை, உருட்டிப் பார்க்கப் பக்கத்தில் ஒரு பட்டை இல்லை. வாசிக்கிறவருக்கு அம்மம்மா அவ்வளவுதான் சொன்னா.

தமிழில் எழுதுகிற எல்லாரும் இதை யோசிக்க வேண்டும். எங்கட மொழியில் வினைமுற்று கடைசியில் வரும். மறுப்பு அதற்கும் கடைசியில் வரும். ‘இல்லை’, ‘மாட்டன்’, ‘ஏலாது’, ‘எண்டு ஆர் சொன்னது?’ எல்லாம் வசனத்தின் வாலில்தான். வாலை வெட்டினால் வசனம் குறைந்து போகாது, தலைகீழாகப் போகும். ஆகவே கடைசி வரி மறைவதை “வடிவமைப்பில் ஒரு சின்னப் பிழை” என்று நாங்கள் தட்டிவிட முடியாது. ஒரு மனுசி சொன்னதற்கு நேர் எதிரானதை அவவின் படத்துக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறோம்.

என்ன நடந்தது? எங்கள் ஆறு பேரின் திரைகளும் 1920×1080. பள்ளிக்கூடத்துத் திரை 1366×768. அதோடு பிள்ளைகளுக்கு எழுத்துப் பெரிதாகத் தெரியட்டும் என்று யாரோ ஸ்கேலிங்கை 125 வீதமாக வைத்திருக்கிறார்கள். 1366ஐ 1.25ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1093. பக்கத்தை அடுக்கும்போது பிரவுசர் கணக்கில் எடுப்பது இந்த 1093 அகலத்தைத்தான். பெட்டியின் அகலம் திரையோடு சுருங்கும். அகலம் சுருங்கினால் எழுத்துகள் கூடுதல் வரிகளுக்கு இறங்கும். ஆனால் பெட்டியின் உயரத்தை நாங்கள் எங்கள் திரையில் அளந்து நிரந்தரமாக வைத்திருந்தோம். படம் எல்லாம் ஒரே மட்டத்தில் வடிவாக நிற்கவேண்டும் என்று ‘மிஞ்சினதை மறை’ என்றும் எழுதியிருந்தோம். மிஞ்சினது ஒரு வரி. மறைந்தது அந்த வரி.

எழுத்துருவும் சேர்ந்து கெடுத்தது. நாங்கள் பக்கத்தை நிர்மலா யூஐ எழுத்துருவில் பார்த்துப் பார்த்துச் செய்தோம். அது விண்டோஸ் 8உடன்தான் வந்தது. பள்ளிக்கூடத்துக் கணினிகளில் இன்னும் விண்டோஸ் 7. அங்கே தமிழ் வழமையாகத் தெரிவது லதாவில். எழுத்துரு மாறினால் எழுத்தின் அகலம் மாறும், வரியின் உயரம் மாறும். மைக்ரோசொஃப்ட் விண்டோஸ் 7க்கான ஆதரவை 2020 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது என்று சொல்லி நாங்கள் தப்பலாம். ஆனால் பேத்தி வாசித்தது அந்தக் கணினியில்தான்.

கண்ணை நம்பினோம், இரண்டு தரம் ஏமாந்தோம்

திருத்தினால் போதாது, திருத்தினதை அந்த மாதிரியான ஒரு கணினியில் பார்க்கவும் வேண்டும். வன்னியில் இருக்கிற கணினியைத் தூக்கிக்கொண்டு வர ஏலாது. அதனால் மெய்நிகர் கணினி வைப்பது என்று முடிவெடுத்தோம். எங்களுக்குள் கதைக்கும்போது வீஎம் என்றுதான் சொல்வது. தெரியாதவர்களுக்கு: ஒரு கணினிக்குள்ளேயே மென்பொருளால் இன்னொரு கணினியை நடத்துவது. வெளியே உங்கள் விண்டோஸ் 11 இருக்கும், உள்ளே ஒரு சன்னலுக்குள் விண்டோஸ் 7 ஓடும். உள்ளே இருக்கிறதுக்குத் தான் தனிக் கணினி என்ற நினைப்பு. அதற்கென்று தனித் திரை அளவு, தனி எழுத்துருக்கள். இதற்கு நாங்கள் எடுத்தது வேர்ச்சுவல்பொக்ஸ். இலவசம். எங்களில் ஒருத்தியின் மடிக்கணினியில் மட்டும்தான் 16 ஜிபி ராம் இருந்தது. ஆகவே அதுதான் எங்கள் ஆய்வுகூடம்.

பெட்டியின் உயரத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டு, வீஎம்மைத் திறந்து, திரையை 1366×768க்கு வைத்து, பக்கத்தைப் பார்த்தோம். கடைசி வரி தெரிந்தது. “சரி, முடிஞ்சுது” என்று தேத்தண்ணி குடிக்கப் போனோம்.

முடியவில்லை. ரீச்சர் திரும்பவும் படம் அனுப்பினா. இன்னும் வெட்டுப்பட்டிருந்தது.

முதல் ஏமாற்று இதுதான். நாங்கள் 1366×768 வைத்தது உண்மை. பிறகு வடிவாகப் பார்ப்பம் என்று சன்னலை முழுத்திரை ஆக்கினோம். வேர்ச்சுவல்பொக்ஸில் கெஸ்ட் அடிஷன்ஸ் போட்டிருந்தால், சன்னலின் அளவுக்கு ஏற்ப உள்ளே இருக்கிற கணினியின் திரையளவையும் அது தானே மாற்றிவிடும். வசதிக்காகச் செய்த ஏற்பாடு. நாங்கள் முழுத்திரை ஆக்கின நேரமே உள்ளே 1920×1080 ஆகிவிட்டது. ஒரு சத்தம், ஒரு அறிவித்தல் இல்லை. நாங்கள் பார்த்தது பள்ளிக்கூடத்துத் திரையை இல்லை, திரும்பவும் எங்கட திரையைத்தான்.

இரண்டாவது ஏமாற்று ஸ்கேலிங். வெளியே இருக்கிற கணினியில் 125 வீதம் வைத்திருந்தோம். அதனால் வீஎம் சன்னலும் பெரிதாகத் தெரிந்தது. “உள்ளேயும் 125தான்” என்று நினைத்துக்கொண்டோம். உள்ளே 100. ஒரு படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடிக்குள்ளால் பார்த்துவிட்டு, படமே பெரிசு என்று சொன்ன மாதிரி.

கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. பிரச்சினையே அதுதான்.

கேட்டால் சொல்லும்

அதற்குப் பிறகுதான் ஸ்கிரிப்டுக்கு வந்தோம். ஸ்கிரிப்ட் என்றவுடன் பெரிய புரோகிராமிங் என்று பயப்படத் தேவையில்லை. நீங்கள் ஒவ்வொரு தரமும் கையால் கேட்கிற கேள்விகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைப்பது, அவ்வளவுதான். எங்கள் முதல் ஸ்கிரிப்ட் ஒன்பது வரி. அது வீஎம்மிடம் மூன்று கேள்வி கேட்கும்: உன் திரை இப்போது எத்தனைக்கு எத்தனை? ஸ்கேலிங் எவ்வளவு? தமிழுக்கு எந்த எழுத்துரு வைத்திருக்கிறாய்?

விண்டோஸில் இதைப் பவர்ஷெல்லால் கேட்கலாம். ‘வின்32 வீடியோ கொன்ட்ரோலர்’ என்ற தகவல் தொகுதியில் இப்போதைய அகலமும் உயரமும் எண்ணாகவே கிடைக்கும். ஸ்கேலிங்கை அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கில் தரும்: 96 என்றால் 100 வீதம், 120 என்றால் 125, 144 என்றால் 150. லினக்ஸில் எக்ஸ்ராண்டர் என்ற கட்டளை போதும். அது தரும் பட்டியலில் எந்த அளவுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கிறதோ அதுதான் இப்போது ஓடுவது. தமிழ் எழுத்துள்ள எழுத்துருக்களை மட்டும் பட்டியலிடவும் லினக்ஸில் ஒரு வரிக் கட்டளை இருக்கிறது. வெளியில் நின்றும் விசாரிக்கலாம். வேர்ச்சுவல்பொக்ஸோடு வரும் வீபொக்ஸ்மனேஜ், ஓடிக்கொண்டிருக்கிற வீஎம்மின் திரையளவைச் சொல்லும், வேறு அளவுக்கு மாறச் சொல்லும், திரையைப் படமெடுத்தும் தரும்.

இங்கேயும் ஒரு சண்டை வந்தது. விண்டோஸ் 10 வீஎம் ஒன்றில் 1920×1080, 150 வீதம் வைத்திருந்தோம். ஒருவனின் ஸ்கிரிப்ட் 1920×1080 என்றது. இன்னொருத்தியின் ஸ்கிரிப்ட் 1280×720 என்றது. “உன்ர பிழை”, “இல்லை, உன்ரதான் பிழை” என்று ஒரு பின்னேரம் போனது. கடைசியில் பார்த்தால் இரண்டும் சரி. ஸ்கேலிங் பற்றித் தெரியாத நிரலுக்கு விண்டோஸ் வகுத்த எண்ணைக் கொடுக்கும், மற்றதற்கு உண்மையான புள்ளிகளின் எண்ணைக் கொடுக்கும். கேள்வி ஒன்றுதான், கேட்ட இடம் வேறு. வாய்மொழி வரலாறு படிக்கிறவர்களுக்கு இது புதுசில்லை. ஒரே சம்பவத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லும்போது யார் பொய் என்று கேட்கமாட்டோம், யார் எங்கே நின்று பார்த்தார் என்றுதான் கேட்போம்.

பிறகு இன்னொன்றும் படித்தோம். ஸ்கிரிப்ட் எண்ணை அச்சடித்தால் மட்டும் போதாது. எங்களுடையது நாலு நாள் ஒழுங்காக எண்களை எழுதியது, ஒருவரும் வாசிக்கவில்லை. அதனால் மாற்றினோம். எதிர்பார்க்கிற அளவை முதலே எழுதி வைப்பது, வீஎம் சொல்வது அதோடு பொருந்தாவிட்டால் ஸ்கிரிப்ட் அந்த இடத்திலேயே நிற்பது, பக்கத்தைத் திறக்கவே விடாதது. நாங்கள் சோம்பல் ஆட்கள் என்பதை ஒப்புக்கொண்டு எழுதின ஸ்கிரிப்ட்தான் வேலை செய்தது.

கடைசியாகப் பக்கத்துக்குள்ளேயே ஒரு சின்னச் சோதனை. ஒவ்வொரு பெட்டியிடமும் உன் உயரம் என்ன, உனக்குள் இருக்கிற எழுத்தின் முழு உயரம் என்ன என்று கேட்பது. இரண்டாவது பெரிதென்றால் ஏதோ மறைந்திருக்கிறது. சரியான அளவில் வைத்த வீஎம்மில் அதை ஓடவிட்டபோது, பதினான்கு பெட்டிகளில் ஐந்து வெட்டுப்பட்டிருந்தன. அம்மம்மா ஒராள்தான் எங்களுக்குப் போன் எடுத்தவ. மற்ற நாலு பேரும் எடுக்கவில்லை.

திருத்தம் என்னவென்றால் உயரத்தை நிரந்தரமாக வைத்த அந்த வரியைத் தூக்குவது. அவ்வளவுதான். படங்கள் இப்போது ஒரே மட்டத்தில் நிற்கவில்லை. பரவாயில்லை.

இது எங்கட வேலை இல்லையா?

இதையெல்லாம் சொல்லும்போது கேட்ட கேள்விகள் சில. “இதை ஐரி பொடியங்களிட்டக் குடுத்திருக்கலாமே?” கொடுத்திருக்கலாம். அவர்கள் எங்களைவிடக் கெட்டித்தனமாகச் செய்திருப்பார்கள். ஆனால் “நிம்மதியா இருக்கிறம்” என்ற இடத்தில் வசனம் முடிந்தால் என்ன கெடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஒலிப்பதிவைக் கேட்டது நாங்கள். எது வெட்டுப்படக்கூடாது என்று தெரிந்தவர்தான் எதைச் சோதிக்கவேண்டும் என்றும் சொல்லவேண்டும்.

“பிரவுசருக்குள்ளேயே சின்னத் திரை மாதிரிப் பார்க்கிற வசதி இருக்குத்தானே?” இருக்கிறது. அகலத்தை மட்டும் பார்க்க அது போதும், முதலில் அதைத்தான் செய்யவேண்டும். ஆனால் அது உங்கள் கணினியின் எழுத்துருவை வைத்துத்தான் சின்னத் திரையைக் காட்டும். நிர்மலா யூஐ இல்லாத கணினி எப்படிக் காட்டும் என்று அதற்குத் தெரியாது.

“எல்லாரும் போனிலதானே வாசிக்கினம்?” பெரும்பாலும் ஓம். ஆனால் கிராமத்துப் பிள்ளைக்குப் பெரிய திரை கிடைக்கிற இடம் பள்ளிக்கூடம்தான். அங்கே வகுப்பே சேர்ந்து வாசிக்கும். அங்கே பிழையாகத் தெரிந்தால் முப்பது பேருக்குப் பிழையாகத் தெரியும்.

இதில் ஒன்றை ஒளிக்கக்கூடாது. வீஎம்மால் எல்லாம் பிடிபடாது. மங்கின திரை, கீறல் விழுந்த போன், கண்ணாடி இல்லாமல் வாசிக்கிற ஐயா, இவர்களை ஒரு ஸ்கிரிப்டும் கண்டுபிடிக்காது. ஸ்கிரிப்டுக்குத் தமிழும் தெரியாது. அது எண் பார்க்கும், நாங்கள்தான் வாசிக்கவேண்டும். ஆனால் எண்ணே பிழை என்றால் நாங்கள் வாசித்ததும் வீண்.

கலைப்பீடத்தில் எங்களுக்குப் பாடபேதம் படிப்பிக்கிறார்கள். சிறுப்பிட்டியிலிருந்து போன சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சில் கொண்டுவந்தபோது, கைக்கு வந்த ஒரே ஏட்டை நம்பி அச்சிடவில்லை. ஏடுகளைத் தேடி அலைந்து ஒப்பிட்டார் என்று விரிவுரையில் குறிப்பு எடுத்து, பரீட்சையில் எழுதி, மாக்ஸும் வாங்கியிருக்கிறோம். அதே நாங்கள் எங்கட சொந்தப் பதிப்பை ஒரே ஒரு திரையில் பார்த்துவிட்டு வெளியிட்டோம். ஏடு மாறினால் பாடம் மாறும் என்று தெரிந்த எங்களுக்கு, திரை மாறினால் பாடம் மாறும் என்று தோன்றவில்லை. எங்களைப் பொறுத்தவரை இது தொழில்நுட்பம் தெரியாத குறை இல்லை. படித்ததைப் பாவிக்காத குறை.

அதனால் ஒரு கோரிக்கை, ஒரு வாக்குறுதி.

கோரிக்கை எங்கள் மாதிரி கட்டுரை, கண்காட்சி, சஞ்சிகை என்று இணையத்தில் போடுகிற எல்லாக் குழுக்களுக்கும். உங்களில் ஒருவராவது ஒரு வீஎம் வைத்திருங்கள். நாலு அமைப்புப் போதும்: 1366×768ஐ 100இலும் 125இலும், 1920×1080ஐ 100இலும் 150இலும். ஒன்றிலாவது பழைய விண்டோஸ் இருக்கட்டும். திரையைப் பார்த்துச் சொல்லாதீர்கள், ஸ்கிரிப்டால் கேளுங்கள். கேட்டதைத் திகதியோடு எழுதி வையுங்கள். 8 ஜிபி ராம் இருந்தால் ஒரு நேரத்தில் ஒரு வீஎம் ஓடும், பொறுமை இருந்தால் காணும். தெரியாவிட்டால் எங்களிடம் கேளுங்கள், ஒன்பது வரியையும் தருகிறோம்.

வாக்குறுதி எங்களுடையது. இனி நாங்கள் போடுகிற ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், எந்தெந்தத் திரையளவில், எந்த எழுத்துருவில், எப்போது பார்த்தோம் என்று ஒரு வரி இருக்கும். உங்கள் பள்ளிக்கூடத்துக் கணினி அந்தப் பட்டியலில் இல்லை என்றால் திறந்து பார்த்துச் சொல்லுங்கள். “எங்களுக்குச் சரியாத்தானே தெரியுது” என்று பதில் சொல்லமாட்டோம்.

திருத்திய பிறகு அம்மம்மாவுக்குப் போன் எடுத்தோம். திருத்திவிட்டோம் என்று சொன்னதை அவ நம்பவில்லை, நம்பவேண்டிய தேவையும் இல்லை. பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் திரும்பத் திறந்து வாசிக்கச் சொன்னா. அடுத்த நாள் பேத்திதான் போனில் கதைத்தாள். கடைசிச் சொல்லை இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள்: சொல்லமாட்டன், சொல்லமாட்டன்.